முதுகுவலி கண்டவர் மீண்டும் வயலில் இறங்க அன்றாடப் பயிற்சிகள்

குறுவை அறுவடை முடிந்து நெல்லை மூட்டை பிடிக்கும் நேரம். இரண்டு ஏக்கர் நிலத்தில் தாமே பாடுபடும் ஒரு விவசாயி, மூட்டையைத் தோளில் ஏற்றக் குனிகிறார். இடுப்பில் சுளீரென்று ஒரு வலி. அப்படியே உட்கார்ந்து விடுகிறார். மறுநாள் அந்த வலி இடுப்போடு நில்லாமல், பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது. "ஜவ்வு விலகி விட்டது, ஒரு மாதம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். அவரும் படுத்து விடுகிறார். தாளடி நடவுக்கு அவருடைய மனைவி ஒருவராகவே ஆள் தேடி, கைமாற்று வாங்கி, வேலையை முடிக்கிறார். ஒரு மாதம் கழித்து எழுந்தவருக்கு வலி குறைந்திருக்கிறது. ஆனால் இடுப்பில் வலுவில்லை. மண்வெட்டி பிடித்த இரண்டாம் நாளே வலி திரும்பி விடுகிறது.

இத்தகைய விவசாயியை எந்த ஊரிலும் காணலாம். 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் துன்பப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மனிதரை வேலை செய்ய விடாமல் முடக்கும் நோய்களில் இதுவே முதலிடம் பெறுகிறது. மாதச் சம்பளக்காரர் முதுகுவலி என்றால் விடுப்பு எடுக்கலாம். சிறு விவசாயிக்கு விடுப்பு கிடையாது. அவர் படுத்தால் ஒரு போகமே படுத்துவிடும்.

மேற்கண்ட விவசாயியின் வலி திரும்பியதற்கு அவர் மண்வெட்டி பிடித்தது மட்டும் காரணமன்று. ஒரு மாதம் அசையாமல் கிடந்ததும் காரணமாகும். முதுகுவலியிலிருந்து மீள்வதற்கு வேண்டுவது நீண்ட படுக்கை அன்று; நாள்தோறும் அளவாகச் செய்யும் அசைவும், நீட்டல் பயிற்சியும், வலுவூட்டும் பயிற்சியுமே ஆகும். இவற்றுக்குப் பணச்செலவு இல்லை. ஒரு பாய், ஒரு துண்டு, ஒரு கம்பு, நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஆகியவை இருந்தால் போதும்.

முதுகின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 அசையும் முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே கூபக எலும்பும் வால் எலும்பும் இருக்கின்றன. இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே டிஸ்க் எனப்படும் ஜவ்வு வட்டு உண்டு. இதன் வெளிப்புறம் கயிறு பின்னியது போன்ற உறுதியான நார்களாலும், உட்புறம் கூழ் போன்ற பொருளாலும் ஆனது. சுமையைத் தாங்கும் மெத்தை இதுவே. வெளி நார் கிழிந்து உட்கூழ் பிதுங்கி, அருகிலுள்ள நரம்பை அழுத்தினால் வலி காலுக்கு இறங்குகிறது.

இந்த ஜவ்வு வட்டுக்கென்று தனி இரத்தக் குழாய் ஏறக்குறைய இல்லை என்பது பலரும் அறியாத செய்தி. வாய்க்கால் பாயாத மேட்டு நிலம் பக்கத்து வயலின் கசிவு நீரால் ஈரம் பெறுவதுபோல, டிஸ்க்கும் அருகிலுள்ள எலும்பிலிருந்து கசிவு மூலமே ஊட்டம் பெறுகிறது. உடல் அசையும்போது டிஸ்க் அழுந்தியும் விரிந்தும் இயங்குவது இந்தக் கசிவுக்குத் துணை செய்கிறது. எனவே நாட்கணக்கில் அசையாமல் கிடப்பது முதுகுக்கு நன்மை தராது.

முள்ளெலும்பு அடுக்கைச் சுற்றி வயிற்றுத் தசை, முதுகுத் தசை, பிட்டத்துத் தசை ஆகியவை உள்ளன. கொடிக்காலுக்குப் படலும் கம்பமும் எப்படியோ, முதுகெலும்புக்கு இத்தசைகள் அப்படி. படுத்தே கிடந்தால் இவை விரைவில் மெலிந்து விடும். வலி தணிந்தாலும் தாங்குவதற்கு ஆள் இல்லாத முதுகு, அடுத்த சுமைக்கே மறுபடி நொடித்து விடுகிறது.

படுக்கை மருந்தாகுமா?

ஒரு தலைமுறைக்கு முன்புவரை மருத்துவர்களும் முதுகுவலிக்கு நீண்ட ஓய்வையே சொல்லி வந்தார்கள். 1986-இல் அமெரிக்காவில் மருத்துவர் டேயோ குழுவினர் செய்த ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. இரண்டு நாள் மட்டும் படுக்கச் சொல்லப்பட்டவர்களும், ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களும் ஒரே அளவில் குணமடைந்தார்கள். இரண்டு நாள் ஓய்வு பெற்றவர்கள் வேலையை இழந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு. 1995-இல் பின்லாந்தில் நடந்த ஆய்விலும், வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான நடமாட்டத்தைத் தொடர்ந்தவர்களே படுக்கையில் இருந்தவர்களைவிட விரைவில் தேறினார்கள்.

ஆகவே, தாங்க முடியாத வலி உள்ள முதல் ஓரிரு நாட்கள் படுத்து எழலாம். அப்போதும் மணிக்கு ஒரு முறையாவது எழுந்து வீட்டுக்குள் சிறிது நடக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து நடமாட்டத்தைக் கூட்ட வேண்டும்.

ஸ்கேன் படத்தில் 'டிஸ்க் பிதுங்கியுள்ளது' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாழ்வே முடிந்ததாக எண்ணுவோர் பலர். 1994-இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓர் இடத்தில் டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டது. தலை நரைப்பது போல, வயதுக்கு ஏற்ப டிஸ்க்கிலும் மாற்றம் வருவது இயல்பு. பிதுங்கிய பகுதி சில மாதங்களில் தானே சுருங்கி விடுவதும் உண்டு. கால் வரை வலி இறங்கியவர்களிலும் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இன்றியே தேறுகின்றனர். மருத்துவர் தேவை என்று கூறாதபோது, கடன் வாங்கி ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை.

யார் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பயிற்சியைத் தொடங்கும் முன் இதனை அறிந்துகொள்வது மிக அவசியம். கீழ்க்கண்ட அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் பயிற்சியில் நாளைக் கழிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

* சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல் அல்லது சிறுநீர் அடைத்துக் கொள்ளுதல்.
* ஆசனவாய், பிறப்புறுப்பு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்கள் மரத்துப் போதல்.
* காலில் வலுக் குறைந்து, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு இழுபடுதல்.
* காய்ச்சல், உடல் எடை குறைதல், இரவில் படுத்தாலும் தணியாத வலி.
* மரத்திலிருந்தோ, வண்டியிலிருந்தோ, கிணற்றிலோ விழுந்தபின் ஏற்பட்ட வலி.
* முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு வரும் புதிய முதுகுவலி.
* வயது முதிர்ந்தவருக்குச் சிறிய சுமை தூக்கியதும் திடீரென்று வரும் கடும் வலி. இது மெலிந்த எலும்பு நொறுங்கியதாக இருக்கலாம்.

முதல் இரண்டு அறிகுறிகளும் தோன்றினால் அன்றைய தினமே பெரிய மருத்துவமனையை அடைய வேண்டும். தாமதித்தால் நரம்புகள் நிரந்தரமாகக் கெட்டுவிடும். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்து வரும் முதுகுவலி காசநோயாக இருக்கக்கூடும். காசநோய் நுரையீரலை மட்டுமன்றி முதுகெலும்பையும் தாக்கும். காலத்தில் கண்டுபிடித்தால் மருந்திலேயே பெரும்பாலும் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் இதற்கான மருந்து இலவசம்.

தென்னை, பனை மரத்திலிருந்து விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கவே கூடாது. உட்கார வைத்து இருசக்கர வாகனத்தில் கொண்டு செல்லவும் கூடாது. கழுத்தும் முதுகும் வளையாதவாறு பலர் சேர்ந்து ஒரே சமயத்தில் தூக்கி, பலகையில் கிடத்தி, 108 ஊர்தியில் அனுப்ப வேண்டும். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தனி வகையானது. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலூரில் அத்தகைய மறுவாழ்வுப் பணியை உருவாக்கினார். அங்கு 1966-இல் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. இக்கட்டுரையில் கூறப்படும் பயிற்சிகள் அவ்வகை நோயாளிகளுக்கானவை அல்ல. வேலையால் இடுப்பு வலி கண்டு தேறி வருவோருக்கானவை. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தம் மருத்துவர் சொல்லும் நாளுக்குப் பிறகே இவற்றைத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

வலி சொல்லும் செய்தி

1956-இல் நியூசிலாந்து நாட்டின் வெலிங்டன் நகரில் மெக்கென்சி என்ற இயன்முறை மருத்துவரிடம், வலி கால் வரை இறங்கிய ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். குப்புறப் படுத்திருக்குமாறு மெக்கென்சி சொல்லிவிட்டுச் சென்றார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நோயாளி முதுகு பின்னால் வளைந்த நிலையிலேயே சில நிமிடங்கள் கிடந்தார். திரும்பி வந்த மருத்துவர் பதறினார். நோயாளியோ, பல நாட்களுக்குப் பின் இப்போதுதான் கால்வலி இல்லை என்றார். அந்தத் தற்செயல் நிகழ்ச்சியிலிருந்து ஒரு சிகிச்சை முறையே வளர்ந்தது.

அதிலிருந்து கிடைத்த எளிய விதி ஒன்று உண்டு. பயிற்சி செய்யும்போது காலிலுள்ள வலி மேலேறி இடுப்புக்குள் ஒடுங்கினால் அது நல்ல அறிகுறி. இடுப்பில் சற்று வலி கூடினாலும் பயிற்சியைத் தொடரலாம். மாறாக, இடுப்பிலிருந்த வலி தொடைக்கும் காலுக்கும் இறங்கினால் அந்தப் பயிற்சி அவருக்கு ஏற்றதன்று, நிறுத்திவிட வேண்டும்.

மற்றொரு விதியையும் நினைவில் கொள்ளலாம். பயிற்சியின்போது தசை இழுப்பதும், சிறிது நோவு தோன்றுவதும் இயல்பு. கூடிய வலி மறுநாள் காலையிலும் குறையாமல் இருந்தால், முந்தைய நாள் செய்தது அதிகம் என்று பொருள். அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். அடியோடு விட்டுவிடக் கூடாது.

பயிற்சிக்கு ஏற்ற நேரம்

இரவு படுத்திருக்கையில் டிஸ்க் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். மனிதர் காலையில் சிறிது உயரமாக இருப்பதற்கு இதுவே காரணம். அந்நேரத்தில் ஆழக் குனிந்தால் டிஸ்க்கின் மேல் விழும் இழுவிசை மிகுதி. எனவே கண் விழித்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து சாணம் அள்ளுவது, வாசல் பெருக்குவது, தவலை தூக்குவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எழும்போதும் நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். பத்து நிமிடம் நடந்தபின் பயிற்சியைத் தொடங்கலாம். சாப்பிட்டவுடன் செய்யக் கூடாது.

ஏழு பயிற்சிகள்

1. இடுப்பைத் தரையில் அழுத்துதல்: பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்ற வேண்டும். இடுப்புக்கும் பாய்க்கும் இடையே உள்ள இடைவெளி மறையும்படி அடிவயிற்றை இறுக்கி இடுப்பைத் தரையில் அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும்வரை வைத்துத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. பத்து முறை செய்யலாம்.

2. குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்துதல்: முதல் சில நாட்கள் குப்புறப் படுத்திருப்பதே போதும். அது பழகியபின் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தி இரண்டு நிமிடம் இருக்கலாம். அதுவும் பழகியபின் உள்ளங்கைகளை ஊன்றி, கைகளின் பலத்தாலேயே நெஞ்சை மேலே தூக்க வேண்டும். இடுப்பு தரையை விட்டு எழக் கூடாது. பத்து முறை. குனிந்து வேலை செய்து வலி கண்டவர்களில் பலருக்கு இது இதம் தரும். நடந்தால் கால் வலித்து, உட்கார்ந்தால் தணியும் முதியவர்களுக்கு இது ஒத்துக் கொள்ளாமல் போகலாம். அவர்கள் இதனை விட்டு அடுத்த பயிற்சியைச் செய்வது நல்லது.

3. முழங்காலை மார்போடு அணைத்தல்: மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை இரு கைகளாலும் பிடித்து மார்பை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். இருபது எண்ணும்வரை வைத்து விட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. இதனைக் காலையில் செய்யாமல் மாலையில் செய்வது சிறந்தது.

4. பின்தொடை நீட்டல்: பின்தொடைத் தசை இறுகியிருந்தால் குனியும்போது இடுப்பே முழுவதும் வளைய வேண்டியுள்ளது. மல்லாந்து படுத்து, ஒரு காலின் பாதத்தில் துண்டை மாட்டி, இரு முனைகளையும் கையில் பிடித்து, காலை நீட்டியபடி மேலே உயர்த்த வேண்டும். பின்தொடை இழுக்கும் இடத்தில் நிறுத்தி முப்பது எண்ண வேண்டும். காலுக்கு மூன்று முறை. மின்சாரம் பாய்ந்ததுபோல் கால் முழுவதும் சுரீரென்றால் அது தசை இழுப்பன்று, நரம்பின் வலி. காலைத் தாழ்த்திவிட வேண்டும்.

5. பிட்டத்தை உயர்த்துதல்: முதல் பயிற்சியின் நிலையிலேயே படுத்து, பாதங்களை ஊன்றிப் பிட்டத்தை மேலே தூக்க வேண்டும். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஐந்து எண்ணி இறக்கலாம். பத்து முறை. மூட்டை தூக்கும்போது உண்மையில் உழைக்க வேண்டிய தசை இதுவே. இது வலுவிழந்தால் அதன் வேலை இடுப்பின்மேல் விழுகிறது.

6. எதிர்க் கை எதிர்க் கால் நீட்டல்: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஆடு மாடு நிற்பதுபோல் நான்கு காலில் நிற்க வேண்டும். முதலில் முதுகை மெதுவாக மேலே வளைத்தும் கீழே தாழ்த்தியும் ஆறேழு முறை அசைத்துக் கொள்ளலாம். பிறகு முதுகைச் சமமாக வைத்து, வலக் கையை முன்னாலும் இடக் காலைப் பின்னாலும் நீட்டி, எட்டு எண்ணும்வரை வைக்க வேண்டும். பின்னர் மறுபக்கம். பக்கத்துக்கு ஐந்து முறை. முதுகின்மேல் ஒரு சொம்பு தண்ணீர் வைத்தால் சிந்தாத அளவுக்கு உடல் ஆடாமல் இருக்க வேண்டும். தொடக்கத்தில் காலை மட்டும் நீட்டினால் போதும்.

7. பக்கவாட்டில் தாங்குதல்: ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, கீழ்க்கையின் முழங்கையை ஊன்றி இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும். எட்டு எண்ணி இறக்க வேண்டும். பக்கத்துக்கு ஐந்து முறை. இது சற்றுக் கடினமானது. மூன்றாம் வாரத்தில் சேர்த்துக் கொள்ளலாம்.

கடைசி இரண்டு பயிற்சிகளும் கனடா நாட்டின் முதுகெலும்பு ஆய்வாளர் மெக்கில் பரிந்துரைப்பவை. முதுகை அதிகம் வளைக்காமலே அதைத் தாங்கும் தசைகளை இவை வலுப்படுத்துகின்றன. கால்களை நீட்டி உட்கார்ந்து கட்டை விரலைத் தொடுவது, படுத்த நிலையிலிருந்து வேகமாக எழுந்து உட்காருவது போன்றவை டிஸ்க்கின்மேல் மிகுந்த அழுத்தம் தருவதால் தேறி வரும் காலத்தில் வேண்டாம்.

நடைப் பயிற்சி

"நாள் முழுதும் வயலில் நடக்கிறோமே, தனியாக நடை எதற்கு?" என்று கேட்கலாம். வரப்பில் நின்று, குனிந்து, சுமந்து நடப்பது வேறு. கைவீசி, நிமிர்ந்து, ஒரே சீராக நடப்பது வேறு. 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலியிலிருந்து குணமான 701 பேர் கலந்து கொண்டனர். படிப்படியாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம் நடப்பது என்ற இலக்கோடு ஒரு பிரிவினர் பயிற்றுவிக்கப்பட்டனர். வலி திரும்பும் வரை கிடைத்த இடைவெளி நடக்காத பிரிவில் நடுத்தரமாக 112 நாட்கள். நடந்த பிரிவில் 208 நாட்கள். நடையோடு முதுகுவலி பற்றிய வழிகாட்டலும் சேர்ந்து தந்த பலன் இது. சேற்றிலும் வழுக்கும் வரப்பிலும் அன்றி, சமமான பாதையில் நடப்பதே நல்லது.

அளவும் முறையும்

பயிருக்குத் தழைச்சத்து முழுவதையும் ஒரே தடவையில் இடுவதில்லை. அடியுரம், மேலுரம் என்று பிரித்து, பயிர் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இடுகிறோம். பயிற்சியும் அவ்வாறே. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் இரண்டு மணி நேரம் செய்வதால் பயனில்லை, தீங்கு நேரலாம். நாள்தோறும் காலை பதினைந்து நிமிடம், மாலை பதினைந்து நிமிடம் செய்வதே முறை.

முதல் இரண்டு வாரம் முதல் நான்கு பயிற்சிகளும், ஐந்து முதல் பத்து நிமிட நடையும் போதும். மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்து, ஆறு, ஏழாம் பயிற்சிகளைக் குறைந்த எண்ணிக்கையில் சேர்க்கலாம். வாரத்துக்கு ஓரிரு எண்ணிக்கை வீதம் கூட்டினால் போதுமானது. தசை வலுப்பெற எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இடையில் ஒரு நாள் வலி கூடுவதால் மனம் தளர வேண்டியதில்லை. வலி முற்றும் நீங்கிய பிறகும் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான்.

மீண்டும் வயல் வேலை

தேறியவுடன் மண்வெட்டியைத் தூக்காமல் வேலையையும் படிப்படியாகக் கூட்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் மடை பார்ப்பது, பயிரைச் சுற்றிப் பார்ப்பது, மேசை உயரத்தில் விதை தரம் பிரிப்பது போன்ற வேலைகள் போதும். அடுத்து ஆறாம் வாரம் வரை இலேசான வேலைகளை அரைமணி நேரம் செய்து, பத்து நிமிடம் வேறு நிலைக்கு மாறலாம். ஏழாம் வாரத்திலிருந்து தெளிப்பானைப் பாதி நிரப்பிச் சுமக்கலாம். மண்வெட்டி வேலையைச் சிறிது நேரம் செய்து பார்க்கலாம். மூட்டை தூக்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் 1960-களில் தொடங்கி டிஸ்க்கின் உள்ளழுத்தத்தை அளந்து பார்த்தார். நேராக நிற்கையில் உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், மல்லாந்து படுக்கையில் அது சுமார் 25. முன்னால் குனிகையில் 150. குனிந்து சுமை தூக்குகையில் 220. மூட்டை தூக்கும்போது இடுப்பு நொடிப்பது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

ஆகவே சுமையை எடுக்கும்போது அதன் அருகே சென்று, பாதங்களை அகற்றி வைத்து, முழங்காலையும் தொடை மூட்டையும் மடக்க வேண்டும். இடுப்பை வளைக்கக் கூடாது. சுமையை வயிற்றோடு அணைத்து எழ வேண்டும். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். இதனைப் பழக ஒரு வழி உண்டு. நீண்ட கம்பு ஒன்றைத் தலையின் பின்புறம், முதுகு, பிட்டம் மூன்றையும் தொடும்படி பிடித்து, அந்த மூன்றும் கம்பை விட்டு விலகாமல் தொடை மூட்டிலேயே குனிந்து நிமிர வேண்டும். நாள்தோறும் பத்து முறை செய்தால் உடல் அதற்குப் பழகிவிடும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-இல் ஆண் தொழிலாளிக்குச் சுமையின் உச்ச அளவாக 55 கிலோவைப் பரிந்துரைத்தது. அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் 1991-இல் வகுத்த கணக்கில், எல்லாம் சாதகமாக அமைந்தாலும் ஒருவர் தூக்கத்தக்கது 23 கிலோதான். ஒரு யூரியா மூட்டையே 45 கிலோ. முதுகுவலி கண்டவர் அதைத் தனியே தூக்குவது வீரமாகாது. இருவராகத் தூக்கலாம், பாதியாகப் பிரிக்கலாம், தள்ளுவண்டியில் கொண்டு செல்லலாம். மூட்டையைத் தரையில் போடாமல் திண்ணை உயரத்தில் அடுக்கினால் குனிவதே மிச்சமாகும். 16 லிட்டர் தெளிப்பானில் நீர் மட்டுமே 16 கிலோ. அதைத் தரையிலிருந்து தூக்கி மாட்டாமல் மேடை மீது வைத்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

பெண்களின் முதுகு

நடவிலும் களையெடுப்பிலும் மணிக்கணக்கில் குனிந்தே நிற்பவர்கள் பெண்கள். அவர்கள் முதுகுவலியைச் சொல்வதும் குறைவு. சொன்னாலும் கேட்பதற்கு ஆள் குறைவு. வயல் வேலைக்கு முன்னும் பின்னும் தண்ணீர்க் குடமும் விறகும் அவர்கள் தலையிலேயே. நடவு, களை வேலையின்போது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, ஐந்து முறை மெதுவாகப் பின்னால் சாய வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வேலை வாங்குபவர் இதனைச் சோம்பல் என்று எண்ணக் கூடாது.

திருந்திய நெல் சாகுபடியில் சதுர நடவு செய்து கோனோவீடர் உருட்டினால், குனிந்து களை பறிக்கும் வேலை பெருமளவு குறையும். புன்செய்ப் பயிருக்கு நீண்ட கைப்பிடி கொண்ட களைக்கருவிகள் உள்ளன. நடவு இயந்திரத்தை வாடகைக்குப் பெறுவது பற்றி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். நல்ல கருவி கூலியை மட்டுமன்றி முதுகையும் மிச்சப்படுத்தும்.

தவிர்க்க வேண்டியவை

முதுகில் ஏறி மிதிப்பது, பிடித்து முறுக்கிச் சொடுக்கெடுப்பது ஆகியவை நரம்பு அழுத்தம் உள்ளவருக்கு ஆபத்தாக முடியலாம். வெந்நீர் ஒத்தடமும் இலேசாக எண்ணெய் தடவுவதும் இதம் தரும், செய்யலாம். கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் விழுங்கக் கூடாது. வெயிலில் வியர்த்து உழைப்பவருக்கு அவை வயிற்றுப் புண்ணோடு சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கலாம். இடுப்புப் பட்டையை நாள் முழுவதும் இறுக்கிக் கட்டி, அதையே நம்பி மூட்டை தூக்கக் கூடாது. தொய்ந்த கயிற்றுக் கட்டிலைவிடத் தரையில் பாயும் மெல்லிய மெத்தையும் மேல். ஒருக்களித்துப் படுப்பவர் முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வைத்துக் கொள்ளலாம்.

ஆறு வாரம் பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவரைக் காண வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவப் பிரிவு உண்டு. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறை மருத்துவரே வீட்டுக்கு வரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. உள்ளூர் சுகாதார செவிலியரிடம் இது பற்றி விசாரித்து அறியலாம். முதல் தடவை ஒருவர் நேரில் காட்டிக் கொடுத்தால் பயிற்சிகள் பிழையின்றி அமையும்.

தொடக்கத்தில் கண்ட விவசாயிக்குத் தாளடி கைவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இன்று பாயை விரித்து முதல் நான்கு பயிற்சிகளையும் தொடங்கினால், பன்னிரண்டு வாரத்தில் தாளடி அறுவடை வரும் வேளையில் அவர் களத்துமேட்டில் தம் காலில் நிற்கலாம். அப்போதும் மூட்டையைத் தூக்க மறுபுறம் ஒருவரைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் மறவாமல் பாயை விரிக்கவும் வேண்டும்.